நிமா

மஞ்சக்குப்பம் ஆய்வகத்துக்குக் காலை ஏழு மணிக்கே
ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டார் அஞ்சாபுலி.
சாமியார்பேட்டைப் பக்கம் நாலு குளம்.
குஞ்சு விட்டு நாற்பத்தொன்பதாம் நாள்.
பெட்டிக்குள் பன்னிரண்டு வனாமி.
ஒன்றின் தலையோட்டை உரித்து
வெளிச்சத்தில் பிடித்தேன்:
சுண்ணாம்பு தெறித்த மாதிரி
வெள்ளை வெள்ளையாய்.
சோதனையே வேண்டாம்தான்.
பேங்க்குக்குத் தாள் வேணும் என்றார்.

பிசிஆர் ஓடி முடிய மூன்று மணி நேரம்.
அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து
செவ்வாய் எத்தனை செத்தது, புதன் எத்தனை என்று
சிகரெட் அட்டையில் கூட்டிக்கொண்டிருந்தார்.
பிறகு கேட்டார்:
"வெள்ளப்புள்ளின்றது நாங்க வச்ச பேரு.
பெரிய படிப்புல அதுக்கு என்னம்மா பேரு?"

"குடும்பப் பேர் நிமா."

"நிமாவா."
வாயில் ஒருதரம் போட்டுப் பார்த்தார்.
"நிம்மதின்னு சொல்ல வந்து
பாதியில நிறுத்துன மாதிரி இருக்கு."

நிமா என்றால் நூல்.
கிரேக்கம் என்கிறது ஒரு புத்தகம், லத்தீன் என்கிறது இன்னொன்று.
எனக்கு இரண்டும் தெரியாது.
எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் முட்டை வடிவ உடம்பு,
ஒரு முனையில் வால் போல நூல்.
அதைப் பார்த்து வைத்த பேர்.
அந்த நூல் எதற்கென்று
நான் படித்தவரையில் யாரும் உறுதியாய்ச் சொல்லவில்லை.
தெரியாத இடத்தைப் பிடித்துத்தான் பேர் வைத்திருக்கிறார்கள்.

குடும்பத்துக்குள் பிரிவுக்குப் பேர் விஸ்போ.
ஆங்கில வெள்ளையில் ஒரு துண்டு,
ஆங்கிலப் புள்ளியில் ஒரு துண்டு,
வெட்டி ஒட்டியது.
"அப்ப அது நம்ம பேருதான்" என்றார்,
கொஞ்சம் பெருமையாகக்கூட.

பரங்கிப்பேட்டைக்காரருக்கு இதெல்லாம் புதிதில்லை.
கப்பலில் வந்தவர்கள் போர்ட்டோ நோவோ என்றார்கள்,
நவாபு நாளில் மஹ்மூது பந்தர்.
எந்தப் பேரில் கூப்பிட்டாலும்
வெள்ளாறு அதே இடத்தில்தான் கடலில் சேர்ந்தது.

வைரஸ் என்பதும் பழைய லத்தீன்.
விஷம், வழவழவென்ற கசிவு.
நம் வாயில் புழங்கும் விஷத்துக்கு அது
தூரத்துப் பங்காளி.
இதை நான் சொல்லவில்லை.
அவர் அட்டையைத் திருப்பி
இரண்டாம் பக்கத்தில் கூட்டத் தொடங்கியிருந்தார்.

திடீரென்று, "நூலப் போல சேலைம்மா" என்றார்.
அதற்கு முன்பாதி இருக்கிறது.
அதைச் சொல்லாமல்
சட்டைப்பையிலிருந்து ஹேச்சரி பில்லை எடுத்து நீட்டினார்.
தாய் இறாலைச் சோதித்தாயிற்று என்று
ஊதா முத்திரை, வட்டமாக.

தாயோடு வந்ததா, வாய்க்கால் தண்ணியில் வந்ததா,
நண்டு நடந்து கொண்டுவந்ததா,
நான் சொல்ல முடியாது.
என் தாளில் அதற்குக் கட்டமில்லை.

பத்தரைக்கு ஜெல்லை ஊதா விளக்கில் வைத்தேன்.
நாலு குளத்துக்கும் நாலு கோடு,
தையல் போட்ட மாதிரி, ஒரே உயரத்தில்.
எட்டிப் பார்த்து,
"இதுதானா அந்த நூலு" என்றார்.
இல்லை, இது வேறு என்று விளக்க வாயெடுத்தேன்.
ஆமாம் என்றுவிட்டேன்.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் எடுக்கப் போனேன்.
ப்ளீச்சிங் நெடி மூக்கை அறுத்தது.
ஏரேட்டர்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.
குளத்துக்கு மேலே ஒரு முழத்துக்கு ஒன்றாய்
குறுக்கும் நெடுக்கும் நைலான் நூல்.
பக்கத்துக் குளத்தில் செத்ததைத் தூக்கிவந்து
காக்காய் இதில் போட்டுவிடக் கூடாதென்று
குஞ்சு விடும் முன்பே கட்டியது.
ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

அவர் அதை அவிழ்த்து
முழங்கைக்கும் கட்டைவிரலுக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.
கிலோ கணக்கில் வாங்கினது,
அடுத்த பட்டத்துக்கு ஆகும்.
வானத்தில் ஒரு காக்காயும் இல்லை.

"சிக்கு விழுது" என்று
ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.
சாம்பிள் பாட்டிலைக் கரையில் வைத்துவிட்டுப்
பிடித்துக்கொண்டேன்.